என்.ஜி.ஓ. வேலைக்கு எம்.பி.ஏ. தேவையா?

தொண்டு நிறுவனத்தில் ரெண்டு மூணு வருடம் வேலை பார்த்துவிட்டு, "அக்கா, எம்.பி.ஏ. போகலாமா, இல்லை வீண் செலவா?" என்று கேட்கிறவர்கள் நிறையப் பேர். நான் களப்பணியில் இருந்து எம்.பி.ஏ. போய், அதே துறைக்குத் திரும்பி வந்தவள் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் வருகிறது. நான் முதலில் கேட்பது, அடுத்த ஐந்து வருடம் யாரோடு உட்கார்ந்து வேலை பார்க்க ஆசை என்பதைத்தான். ஊர் மக்களோடும் மகளிர் குழுக்களோடும் என்றால் எம்.பி.ஏ. உங்களுக்கு அதிகம் செய்யாது, எம்.எஸ்.டபிள்யூ.வும் (சமூகப்பணி முதுகலை) நல்ல கள அனுபவமும் போதும். நிதி தருகிறவர்கள், ஆடிட்டர், அறங்காவலர் குழு, திட்டத்தை நாலு மாவட்டத்துக்கு விரிப்பது என்றால் நிச்சயம் கை கொடுக்கும்.

ஒரு சின்ன உதாரணம். கம்பெனிகள் சட்டம் 2013-இன் 135-ஆம் பிரிவு வந்தபின், குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுவரவோ சொத்து மதிப்போ உள்ள நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை சி.எஸ்.ஆருக்கு, அதாவது நிறுவனத்தின் சமூகப் பொறுப்புப் பணிகளுக்கு, செலவிட வேண்டும். அந்தப் பணத்துக்காகப் போய் உட்கார்ந்தால் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "ஒரு பிள்ளைக்கு எவ்வளவு ஆகுது?" கேட்க எளிதாக இருக்கும். ஆனால் ஒரே ஜீப் மூன்று திட்டங்களுக்கு ஓடுகிறது, ஓட்டுநர் ஒருவர்தான், டீசல் பில் ஒன்றுதான், இதில் அந்த மூன்றில் ஒன்றான மாலை நேரப் பள்ளியின் பங்கு எவ்வளவு? லாக் புக்கில் உள்ள கிலோமீட்டரை வைத்துப் பிரிக்கலாம், அதையே அடுத்த வருட பட்ஜெட்டிலும் நியாயமாகக் காட்டலாம் என்பதை எனக்குக் கற்றுக் கொடுத்தது எம்.பி.ஏ.வில் இருந்த காஸ்ட் அக்கவுண்டிங் (செலவுக் கணக்கியல்) வகுப்புதான். வெளிநாட்டு நிதியில் இது இன்னும் முக்கியம். வெளிநாட்டு நன்கொடைகளை முறைப்படுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்தின் 2020 திருத்தத்தில் நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்தில் இருந்து 20-க்கு இறங்கிவிட்டது. பள்ளி நடத்தும் அமைப்பில் ஆசிரியர் சம்பளம் அதற்குள் வராது, அலுவலகக் கணக்காளர் சம்பளம் வரும். இந்த வித்தியாசம் தெரிந்த ஒருவர் உள்ளே இருப்பது ஒரு நிறுவனத்துக்குப் பெரிய பலம்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பாருங்கள். 1976-இல் 11 படுக்கைகளோடு டாக்டர் வெங்கடசாமி தொடங்கியது. அவர் கண் மருத்துவர், மேலாண்மை படித்தவர் அல்ல. ஆனால் அதன் நிர்வாகத்தைக் கட்டியெழுப்பியவர்களில் முக்கியமானவரான துளசிராஜ் கல்கத்தா ஐ.ஐ.எம்.மில் (இந்திய மேலாண்மைக் கழகம்) படித்தவர். பணம் கட்டும் நோயாளிகளின் வருமானத்தில் ஏழைகளுக்கும் அறுவை சிகிச்சை நடக்கிற அந்த ஏற்பாட்டுக்கு இரண்டு வகை ஆட்களும் வேண்டியிருந்தது. நீங்கள் அதில் எந்த வகை என்று பாருங்கள்.

சரி, பணம். பெரிய ஐ.ஐ.எம்.களில் கட்டணமே 20 லட்சத்தைத் தாண்டுகிறது. 20 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, 10 வருடம் என்றால் மாதத் தவணை 26,000 ரூபாய்க்கு மேல். அது கையில் வரும் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டும் என்றால் தயவுசெய்து போகாதீர்கள், ஏனென்றால் கடன் அடைக்கவே கார்ப்பரேட்டுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட நல்ல ஆட்களை நான் பார்த்திருக்கிறேன், அது அவர்கள் விரும்பிய வாழ்க்கை இல்லை. இந்தத் துறைக்கென்றே உள்ள படிப்புகளையும் பாருங்கள். அமுல் குரியன் 1979-இல் குஜராத்தின் ஆனந்தில் தொடங்கிய ஊரக மேலாண்மை நிறுவனமான இர்மா, மதுரைப் பக்கம் 'தான்' (DHAN) அகாடமி (முன்பு டாடா-தான் அகாடமி), பெங்களூரு அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம். வேலையை விட முடியாதவர்களுக்கு தொலைநிலைக் கல்வி தரும் இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் எம்.பி.ஏ. இருக்கிறது, வளாக வேலைவாய்ப்பை நம்பிப் போக முடியாது, பாடம் கிடைக்கும்.

ஐ.ஐ.எம்.களுக்கான நுழைவுத் தேர்வான கேட் (CAT) இரண்டு மணி நேரம், மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். கலைப் படிப்பில் இருந்து வருகிறவர்களுக்குக் கணக்குப் பகுதி பயமாக இருக்கும். பள்ளிக் கணக்கு அளவுதான், தினமும் கொஞ்சம் போட்டால் பழகிவிடும். நேர்முகத்தில்தான் நம்மை உண்மையாகச் சோதிப்பார்கள். "சேவை செய்ய வந்தவருக்கு இது எதற்கு?" என்பார்கள். அங்கே சமூகத்துக்கு உதவ ஆசை என்று பொதுவாகச் சொன்னால் எடுபடாது. உங்கள் அலுவலகத்தில் தீர்க்க முடியாமல் நின்ற ஒரு பிரச்சினையை, எண்களோடு, இரண்டு நிமிடத்தில் சொல்லுங்கள். நான் ஜீப் கணக்கைத்தான் சொன்னேன், மீதி நேரம் முழுக்க அதைப் பற்றியே கேட்டார்கள்.

இடம் கிடைத்துவிட்டால் இன்டர்ன்ஷிப்புக்கு இன்னொரு என்.ஜி.ஓ.வுக்குப் போகாமல் ஒரு கம்பெனியின் சி.எஸ்.ஆர். பிரிவுக்குப் போங்கள். நம்மைப் போன்றவர்கள் அனுப்பும் விண்ணப்பங்களை மேசைக்கு அந்தப் பக்கம் எப்படிப் படிக்கிறார்கள், எந்தப் பக்கத்தில் ஒதுக்கி வைக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரியும்.