வலது தோள்

மார்ச் 2
தூக்கத்தில் இறங்கிவிட்டது. கபடியில் ரெய்டரை இடித்துத் தள்ள டேஷ் அடிக்கும்போதுகூட இல்லை, தலைக்கு மேல் கையை வைத்துத் தூங்கியதற்கு. தானாகவே உள்ளே போனது. அம்மாவுக்குத் தெரியாது.

மார்ச் 3
"எப்படிடா இருக்கு?"
"நல்லா இருக்கு மாஸ்டர்."

மார்ச் 6
மதுரை. மேல்கையின் வெளிப்பக்கம் பஞ்சால் தடவி, மரத்திருக்கிறதா என்று டாக்டர் பார்த்தார். நரம்பு சரி. அப்புறம் படுக்கவைத்து, கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குக் கொண்டுபோய், முழங்கையை மடக்கி, மெதுவாகப் பின்பக்கம் திருப்பினார். வலி இல்லை. ஆனால் என் இடது கை பாய்ந்து போய் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. "வலிக்குதா, பயமா இருக்கா?" பயம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. கார்னரில் நின்று ரெய்டர் காலுக்குப் பாய்கிறவன் நான். அந்தப் பயத்தைப் பார்க்கத்தான் இந்தப் பரிசோதனையே என்றார். பிறகு தோளின் முன்பக்கத்தை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு அதே மாதிரி திருப்பினார். பயம் போன இடம் தெரியவில்லை. பஸ்ஸில் வரும்போதெல்லாம் அந்த உள்ளங்கை நினைப்புதான்.

மார்ச் 7
எண்ணெய்க்கட்டு போட்டால் போதும் என்கிறார் அப்பா. சித்தப்பாவுக்கு அப்படித்தான் சரியானதாம். அவருக்கு முழங்கால்!

மார்ச் 11
எம்.ஆர்.ஐ., சி.டி. இரண்டும் வந்துவிட்டன. தோள்குழி ஆழமே இல்லை, காபி சாஸர் மாதிரி. அதன் முன்விளிம்பு, இறங்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்திருக்கிறது. பந்து எலும்பின் பின்பக்கம் ஒரு பள்ளம். கிழிந்த ஜவ்வை மட்டும் தைத்தால் கபடிக்குத் தாங்காதாம். பக்கத்தில் கோரக்காய்டு என்ற எலும்பு நுனியைத் தசையோடு வெட்டி, குழியின் முன்பக்கம் வைத்து இரண்டு ஸ்க்ரூ. லதார்ஜே ஆபரேஷன், 1954-ல் அந்தப் பெயருள்ள பிரெஞ்சு டாக்டர் எழுதியது. மதுரை டாக்டர் உள்ளங்கை வைத்த அதே பக்கம்.

மார்ச் 12
ஆட ஆறு மாதம் ஆகும். செலக்ஷன் ஜூனில்.

மார்ச் 15
ஷ்ரேயஸ் ஐயருக்கு 2021 மார்ச்சில், புனேயில் ஃபீல்டிங் செய்யும்போது இடது தோள் விலகியது. ஏப்ரலில் ஆபரேஷன், செப்டம்பரில் ஐ.பி.எல். ஆடிவிட்டார். ஆனால் கிரிக்கெட்டில் நாலு பேர் மேலே விழுந்து அமுக்குவதில்லை.

மார்ச் 21
ஜூன் வரை ஆடிவிட்டு அப்புறம் செய்துகொண்டால்? டாக்டரிடம் போனில் கேட்டேன். பெல்ட் போட்டு ஆடுகிறவர்கள் உண்டு, ஆனால் இன்னொரு தடவை இறங்கினால் இன்னும் தேயும் என்றார். முடிவு உன்னுடையது என்றும் சொன்னார். அதுதான் எரிச்சல்.

மார்ச் 22
உள்ளங்கை.

மார்ச் 27
நாளை அட்மிஷன். காலையில் கிரவுண்டுக்குப் போனேன். என் கார்னரில் ஒரு புதுப்பையன். கணுக்காலுக்குப் பாயும்போது கையை ரொம்ப அகலமாக விரிக்கிறான். உடம்போடு ஒட்டி வைடா என்றேன். "சரிண்ணே" என்றான். அடுத்த ரெய்டிலும் அப்படியேதான் பாய்ந்தான்.