வேலூர்ல ஏழு வாரம், ஒரு டிடிஎஸ் பேனாவோட

மே 12, ஞாயிறு

செமஸ்டர் முடிஞ்ச கையோட மத்த மலேசியா பசங்க எல்லாம் கோலாலம்பூருக்கு ஃப்ளைட் ஏறிட்டாங்க, நான் மட்டும் இங்கயே. மூணாவது வருஷம் கெமிக்கல் இன்ஜினியரிங், ஏழு வாரம் இன்டர்ன்ஷிப் போட்டே ஆகணும், எங்க ஊரு கிள்ளான்ல போட்டா அம்மா கைச் சாப்பாடு, இங்க போட்டா அக்னி நட்சத்திரம். ஏன் இங்கயே போட்டேன்னு கேட்டா பாதி சோம்பேறித்தனம் (ஊர்ல எடம் தேடவே இல்ல), மீதி பாட்டி. பாட்டியோட அப்பா இங்கேர்ந்துதான் பினாங்குக்கு கப்பல் ஏறுனவரு. "வடாற்காடு ஜில்லா, குடியாத்தம் தாலுக்கா, என்னமோ ஒரு பட்டு", பாட்டிக்கு தெரிஞ்ச அட்ரஸ் அவ்வளவுதான். அந்த ஜில்லாவே இப்ப இல்ல. 1989ல திருவண்ணாமலை தனியா போச்சு, அப்புறம் வேலூர்னு பேர் மாறுச்சு, 2019ல அதையும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்னு மூணா பிரிச்சிட்டாங்க.

ஹாஸ்டல் மூடிட்டாங்க, சத்துவாச்சாரில ஒரு வீட்டு மாடில ரூம். காலைல எதிர்ல வந்த வீட்டுக்கார ஆன்ட்டிய "பசியாறிட்டீங்களா ஆன்ட்டி"ன்னு கேட்டேன், நான்தான் பசியோட கெடக்கேன்னு நெனச்சி ரெண்டு தோசை குடுத்துட்டாங்க. இங்க "நாஷ்டா ஆச்சா"ன்னு கேக்கணும். மூணு வருஷம் ஆகியும் வாய்ல வரல. தோசை நல்லாருந்துச்சு, அதனால திருத்திக்கிற ஐடியாவும் இல்ல.

ஆன்லைன்ல 300 ரூபாய்க்கு டிடிஎஸ் பேனா ஒண்ணு வாங்கிருக்கேன், நம்ம காசுக்கு 17 வெள்ளி (ரிங்கிட்). தண்ணில கரைஞ்சிருக்குற உப்பு எல்லாம் சேந்து லிட்டருக்கு எத்தன மில்லிகிராம்னு காட்டும். ரூம் பைப்புல 2140. கிள்ளான்ல தம்பி மீன் தொட்டிக்கு ஒரு மீட்டர் வச்சிருக்கான், வீட்டு பைப்ப அளந்து அனுப்புடான்னு மெசேஜ் போட்டேன். 58. குடிக்கிற தண்ணிக்கு இந்திய ஸ்டாண்டர்ட் 500, வேற வழியே இல்லன்னா 2000 வரைக்கும் ஓகே. ஆன்ட்டி கேன் தண்ணி ஏன் வாங்குறாங்கன்னு புரிஞ்சிருச்சு. பைப் தண்ணிலதான் குளிக்கிறேன், சோப்பு நுரையே வராது.

மே 13

முதல் நாள். ராணிப்பேட்டை பக்கம், தோல் தொழிற்சாலைகளோட கழிவுநீர எல்லாம் ஒரே எடத்துல சேத்து சுத்தம் பண்ற பொது பிளான்ட். பேர் போட மாட்டேன், ஏன்னா திட்டுறதுக்கு நெறைய வரும்னு இப்பவே தோணுது. கேட்லயே அழுகுன முட்டை வாடை, தோல்ல முடி எடுக்க சுண்ணாம்பு கூட சல்பைடு போடுவாங்க, அதோட வேலை. ரெண்டு மணி நேரத்துல மூக்கு பழகிடும்னாங்க, பழகல.

மலேசியான்னு சொன்ன ஒடனே எல்லாரும் கேட்டது ஒண்ணேதான், "அந்த பெரிய முருகன் செலை உங்க வீட்டாண்டயா?" பத்துமலைக்கும் கிள்ளானுக்கும் காடில (கார்ல) ஒரு மணி நேரம்னு அஞ்சு பேருக்கு சொல்லிட்டேன், ஆறாவது ஆளுக்கு ஆமான்னுட்டேன்.

வேலை என்னன்னா, காத்து அடிக்கிற ஏரேஷன் டேங்க் தண்ணிய ஒரு லிட்டர் சிலிண்டர்ல புடிச்சி வச்சி, அரை மணி நேரத்துல சேறு எவ்வளவு அடில எறங்குதுன்னு பாக்கணும். அவ்வளவுதான். உக்காந்து பாக்கணும்லா.

மே 14

லேப் அக்கா லீவு. அவங்க குடியாத்தம், இன்னைக்கு வைகாசி ஒண்ணு, கெங்கையம்மன் சிரசு திருவிழா. அம்மனோட தலைய மட்டும் ஊர்வலமா தூக்கிட்டு வந்து கோயில்ல ஒடம்போட சேப்பாங்களாம். நேத்தே "வரியா"ன்னு கேட்டாங்க, சேந்த மறுநாளே லீவு கேக்க பயந்துட்டேன். பாட்டிகிட்ட போன்ல சொன்னதுக்கு திட்டு திட்டுன்னு திட்டிட்டாங்க. போயிருக்கணும்.

மே 19, ஞாயிறு

கோட்டை. மூணு வருஷமா பஸ்லேர்ந்து பாத்ததுதான், ஒழுங்கா உள்ள போனது இன்னைக்குத்தான். அகழில தண்ணி இருக்கு, பச்சையா. உள்ள ஒரே மதிலுக்குள்ள கோயில், சர்ச், மசூதி.

இங்க ஒரு சொலவடை சொல்வாங்க, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறுன்னு. இதுல நடுவுல உள்ளது இப்ப பொய்யாகிடுச்சு, ஜலகண்டேஸ்வரர் கோயில்ல ரொம்ப காலம் லிங்கமே இல்லாம இருந்து, 1981லதான் திரும்ப கொண்டாந்து வச்சாங்க. கல்யாண மண்டபத்துல யாளி, குதிரை வீரன்னு ஒவ்வொரு தூணா பாத்துகிட்டே வந்தேன், கழுத்து புடிச்சிகிச்சு.

1806 ஜூலை 10 விடியக்காலைல சிப்பாய்ங்க எழும்புனது இங்கதான். தாடி வைக்கக் கூடாது, நெத்தில எதுவும் இடக்கூடாது, புது மாதிரி தொப்பி போடணும்னு உத்தரவு, அதுல பத்திகிச்சு. திப்புவோட குடும்பத்த இங்கயே அடைச்சி வச்சிருந்தாங்க, அவங்க கொடியையும் ஏத்திட்டாங்க. ஆற்காட்டுலேர்ந்து வெள்ளைக்காரன் குதிரைப்படை வந்து அன்னைக்கே அடக்கிடுச்சு. ஆற்காடு வேலூர் ரோடு! நான் டெய்லி ராணிப்பேட்டைலேர்ந்து நின்னுகிட்டே வர்ற ரூட்டு. குதிரைக்காரங்களுக்கு டிராஃபிக் இல்ல.

மே 23

இன்னைக்குத்தான் மண்டைல ஏறுச்சு. பிளான்ட் சார் என்னைய ஒரு டேனரிக்கு அனுப்பி வச்சாரு, இங்க தோல் ஷாப்புன்னு சொல்றாங்க. அறுத்த ஆட்டுத் தோலு அழுகாம இருக்க உப்ப அள்ளி அப்பி அடுக்கி வைக்கிறாங்க, அந்த உப்போடதான் லாரில வருது. வாசலாண்ட ரெண்டு பேர் ஒரு மரச் சட்டத்து மேல ஒவ்வொரு தோலையும் ஓங்கி அடிச்சி ஒதறுறாங்க, பொல பொலன்னு உப்பு கொட்டுது, சாம்பல் கலர்ல, முடி ஒட்டிகிட்டு. அங்க இருந்த பாய் ஒரு கை அள்ளி காட்டி, "இத ஒதறி எடுத்தா இம்மாம் உப்பு தண்ணிக்கு போவாதும்மா, ஆனா ஒதற நேரம் ஆவும், அவசரத்துல அப்டியே ஊற வச்சிடுவானுங்க"ன்னாரு.

அதுக்கப்புறம் சுண்ணாம்பு, சதை எடுக்குறது, தோல பதப்படுத்துற குரோம் டிரம்முன்னு எல்லாம் காட்டுனாரு. டிரம்முலேர்ந்து வெளிய வந்த தோலு வெளிர் நீலம், நம்ம ஸ்கூல் யூனிஃபார்ம் கலர். அவரோட தாத்தா காலத்துல குரோம் இல்ல, ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தானாம்.

விஷயம் என்னன்னா, பிளான்ட்டுல பாக்டீரியா மத்த அழுக்க எல்லாம் தின்னுடும், குரோமியத்த தனியா புடிச்சிடலாம், உப்ப எதுவும் தின்னாது. ஆர்ஓ போட்டு பிரிச்சா நல்ல தண்ணி ஒரு பக்கம், உப்புத் தண்ணி இன்னொரு பக்கம். அத காய்ச்சுனா உப்பு. அந்த உப்புல சல்பேட்டும் கலந்து கெடக்கு, யாரும் வாங்க மாட்டாங்க. ஷெட்டுல மூட்டை மூட்டையா அடுக்கி தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருக்காங்க, மழை பட்டா திரும்ப கரைஞ்சிடும்ல. பிளான்ட்டுக்கு உள்ள வர்ற தண்ணில என் பேனாவ விட்டு பாத்தேன், அது 9990 வரைக்கும்தான் காட்டும், கைய விரிச்சிருச்சு.

மே 29

இன்னைக்கு செம திட்டு. தண்ணி அழுக்க ஆக்ஸிஜன் கணக்குல அளக்குற சிஓடி டெஸ்ட்டுக்கு மெர்க்குரிக் சல்பேட் போட மறந்துட்டேன். சாம்பிள்ல குளோரைடு ஏகத்துக்கும் இருக்கு, அத கட்டிப் போடத்தான் அந்த பவுடர், நான் போடாததால சில்வர் கூட சேந்து தயிர் மாதிரி வெள்ளையா திரிஞ்சிருச்சு. ரெண்டு மணி நேரம் கொதிக்க வச்சது வேஸ்ட். சார் கத்துனது கேன்டீன் வரைக்கும் கேட்டுச்சாம். கத்துனதுல தப்பில்ல, ஆனா "ஃபாரின்லேர்ந்து வந்து இதுகூட தெரியாதா"ன்னாரு பாருங்க, அதான் கடுப்பு. ஃபாரின்னா நான் என்ன ஜெர்மனியா, கிள்ளான் லா.

அக்கா சாயந்தரம் டீ வாங்கிக் குடுத்தாங்க. அப்பதான் 1996 கேஸ் பத்தி சொன்னாங்க, வேலூர் மக்கள் நல மன்றம் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனது, கெடுத்தவன்தான் செலவு பண்ணணும்னு தீர்ப்பு, ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம். சட்டம் படிக்கிறவங்க எல்லாம் இந்த கேஸ படிச்சாகணுமாம், வேலூர்ல மூணு வருஷம் இருக்குற எனக்கு தெரியல.

ஜூன் 2, ஞாயிறு

கண்டி ராஜா சமாதி. சிலோனோட கடைசி ராஜா விக்கிரம ராஜசிங்கன், 1815ல புடிச்சி இங்க கொண்டாந்து வச்சி, 1832ல இங்கயே செத்துட்டாரு. பாலாத்தங்கரைல முத்து மண்டபம், நான் போனப்ப நானும் ரெண்டு ஆடும்தான். அவரும் கடல் தாண்டி வந்து வேலூர்ல மாட்டுனவரு, ஆனா அவருக்கு இன்டர்ன்ஷிப் சர்டிஃபிகேட் கெடைக்கல.

ஆறு? மணல், சீமைக்கருவேலம், பசங்க கிரிக்கெட் ஆடிகிட்டு இருந்தாங்க. ஆழமா பந்து போயிடுச்சுன்னு ஒரு பையன் ஆத்து நடுவுல ஓடுனான். 2021 நவம்பர்ல இதே ஆறு கரை புரண்டு போச்சுன்னு ஆன்ட்டி போன்ல வீடியோ காட்டுனாங்க, நம்பவே முடியல.

மதியம் ஆம்பூர் போய் பிரியாணி. சீரக சம்பா, கூட எண்ணெய்க் கத்திரிக்காய். ரெண்டு தாப்பாவ் (பார்சல்) பண்ணி ஆன்ட்டிக்கும் கொண்டாந்தேன், சாயந்தரம் "ஆம்பூர்ல மட்டும்தான் பிரியாணின்னு எவன் சொன்னான்"னு சொல்லிகிட்டே முழுசா முடிச்சிட்டாங்க.

ஜூன் 8

காவலூர். ஜவ்வாது மலை, 2.34 மீட்டர் டெலஸ்கோப், 1977ல யுரேனஸுக்கு வளையம் இருக்குறத கண்டுபுடிச்சதுல இந்த எடத்துக்கும் பங்கு உண்டு. நான் போன அன்னைக்கு மேகம். டெலஸ்கோப் கட்டடத்த பாத்தேன், பெருசா இருந்துச்சு.

ஜூன் 28, வெள்ளி

கடைசி நாள். ரிப்போர்ட்ல கையெழுத்து வாங்கியாச்சு. சார் ஆற்காடு மக்கன் பேடா ஒரு டப்பா குடுத்தாரு, ஃபாரின் மேட்டர மன்னிச்சிட்டேன். மூக்கு இன்னும் பழகல.

ஜூன் 30, ஞாயிறு

லேப் அக்கா ஸ்கூட்டில குடியாத்தம் சுத்துனோம். மொதல்ல தாத்தாவுக்கு கைலி. எங்க ஊர்ல மலாய்க்காரங்க 'காயின் பெலிகாட்'னு கட்டுறாங்கல்ல, அது பழவேற்காடுங்கற பேர்லேர்ந்து வந்தது, அதே கட்டம் போட்ட கைலி இங்க தறில ஓடுது. கடைக்காரர் சாப்பிடப் போயிட்டாரு, திரும்ப வரலாம்னு கெளம்பிட்டோம்.

பட்டுன்னு முடியுற ஊரு மூணு பாத்தோம். எந்த பட்டும்மான்னு எல்லாரும் கேக்குறாங்க, அது தெரிஞ்சா நான் ஏன்யா சுத்தப் போறேன். தோட்டத்துக்கு ஆள் கூட்டிட்டு போன கங்காணி பேராவது சொல்லுன்னாரு ஒரு பெரியவரு, அதுவும் தெரியாது. மூணாவது ஊர்ல ஒரு ஆயா திண்ணைல உக்காரச் சொல்லி சொம்புல தண்ணி குடுத்தாங்க. கை தன்னால பைக்குள்ள போய் பேனாவ எடுத்துருச்சு, அக்கா தலைல அடிச்சிகிட்டாங்க.

"இன்னாடி அது, தண்ணிக்கு ஜொரமா?"

"உப்பு பாக்குறது ஆயா. 640 காட்டுது, குடிக்கலாம்."

"நீ சொல்லித்தான் குடிக்கணுமா, எழுவது வருஷமா குடிச்சிகினுதான் கீறேன்."

அப்ப பாத்து பாட்டி வீடியோ கால். ஊர கண்டுபுடிச்சியாடின்னு கேட்டுகிட்டே வந்தவங்க ஆயா மூஞ்ச பாத்ததும் பேச்ச மாத்திட்டாங்க. ரெண்டு பேரும் முட்டி வலி பத்தி ஆரம்பிச்சி, எந்த எண்ணெய் தேய்க்கிறது, மருமக கால அமுக்குதா, அங்க அரிசி என்ன வெலைன்னு போய்கிட்டே இருந்தாங்க, நானும் அக்காவும் புளியமரத்தடில நின்னோம். இருபது நிமிஷம் கழிச்சி ஆயா போன திருப்பிக் குடுத்தாங்க, சார்ஜ் 4 பர்சென்ட். கைலிக் கடைக்கு திரும்ப போறதுக்குள்ள ஷட்டர எறக்கிட்டாங்க.