ஊசி போட்டாச்சு, இப்ப வயித்தை எப்படி சமாளிக்கிறது?

எடை குறைக்கிற ஊசி போடுறேன்னு வெளிய தெரிஞ்சதுல இருந்து எல்லாரும் கேக்கிற முதல் கேள்வி எத்தனை கிலோ குறைஞ்சுது, ரெண்டாவது வாந்தி வருமாமே. மலச்சிக்கல் பத்தி மட்டும் யாரும் கேக்க மாட்டாங்க, போடுறவங்களும் வாயைத் திறக்க மாட்டாங்க. என்னைக் கேட்டா ஆரம்பத்துல ஆளைப் படுத்தி எடுக்கிறது அதுதான், அதுக்கு அப்புறம் வரேன்.

நான் போடுறது மௌன்ஜாரோ, உள்ள இருக்கிற மருந்து டிர்செபடைட். 2025 மார்ச்சுல இந்தியாவுக்கு வந்துச்சு, முதல்ல குப்பியா, அப்புறம் பேனா மாதிரி இருக்கிற ஊசியா. வாரத்துக்கு ஒரு ஊசி, 2.5 மில்லிகிராம்ல ஆரம்பிச்சு 4 வாரம் கழிச்சு 5. அந்த 2.5 உடம்பைப் பழக்குறதுக்கு மட்டும்தான், எடை குறைக்கிற டோஸ் கிடையாது. இது தெரியாம முதல் மாசமே வெயிட் மெஷின்ல ஏறி ஏறி இறங்கிட்டு "எனக்கு ஒண்ணும் ஆகல, டோஸ் ஏத்துங்க டாக்டர்"னு போய் நிக்கிறவங்க இருக்காங்க, அவசரமா ஏத்தினா வாந்திதான் மிச்சம். வெகோவின்னு இன்னொரு எடை குறைக்கிற ஊசி இருக்கே, அதுவும் இப்படித்தான், 0.25ல ஆரம்பிச்சு 2.4 வரைக்கும் மாசாமாசம் படிப்படியா ஏத்துவாங்க. ஒரு டோஸ் ஒத்துக்கலைன்னா அதுலயே இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, யாரும் ஸ்டாப்வாட்ச் வச்சு நிக்கல.

இந்த மருந்து இரைப்பை காலியாகிறதை மெதுவாக்கிடும், அதனால காலைல சாப்பிட்ட நெய்ப்பொங்கல் மதியம் வரைக்கும் நெஞ்சுகிட்டயே உக்காந்திருக்கிற மாதிரி இருக்கும், அது மேல பழக்கதோஷத்துல மதிய சாப்பாட்டையும் இறக்கினா குமட்டாம என்ன பண்ணும்? எண்ணெய்ப் பலகாரம், பிரியாணி, பரோட்டா சால்னா எல்லாம் ஊசி போட்ட மறுநாள், அதுக்கு அடுத்த நாள் வேண்டவே வேண்டாம். அழுகின முட்டை நாத்தத்தோட ஒரு ஏப்பம் வரும் பாருங்க, அந்த ரெண்டு நாள்தான் அதுக்கும் சீசன். ரசம் சாதம், இட்லி, மோர், வெந்த முட்டை, இது போதும். கொஞ்சமா, மெதுவா. வயிறு நிறையறதுக்கு ரெண்டு வாய் முன்னாடியே நிறுத்திடணும், தட்டுல மிச்சம் இருந்தாலும் சரி.

சொல்றது ஈசி. போன முகூர்த்தத்துல ஒரு கல்யாணப் பந்தி, சாம்பார் சாதத்துக்கே எனக்கு தொண்டை வரைக்கும் வந்துடுச்சு, பரிமாறுறவர் வத்தக்குழம்பு வாளியோட வந்து நிக்கிறார். "போதும்ணா"ன்னு இலை மேல கையைக் குறுக்க வச்சேன், "ஒரு கரண்டிம்மா, இதுக்கே பயந்தா எப்படி"ன்னு விரலுக்கு நடுவுல ஊத்திட்டுப் போயிட்டார். பக்கத்துல அம்மா வேற, "ஏண்டி, டயட்டுன்னு சொல்லி இலையை இப்படியா வீணாக்குவ". நம்ம ஊர்ல இந்த ஊசியோட பாதி சைட் எஃபெக்ட் உபசரிப்புலதான் வருது. இப்பல்லாம் "வயிறு சரியில்ல"ன்னு ஒரே வார்த்தை, மேல கேள்வி வராது.

சரி, மலச்சிக்கல். சாப்பாடு பாதியா குறையுது, தாகம் எடுக்கிறதும் குறையுது, குடலும் மந்தமாகுது, அப்புறம் மோஷன் எங்க இருந்து போகும்? இதுல ஒரு கூத்து, குமட்டலுக்கு மெடிக்கல்ல கேட்டா ஆண்டன்செட்ரான் மாத்திரை குடுப்பாங்க, அதுவே மலச்சிக்கலை இன்னும் ஏத்திவிடும். பாட்டில் தண்ணியை கண்ணு முன்னாடி வச்சுக்கிட்டு தாகம் இல்லன்னாலும் வாய் வாயா குடிங்க. கீரை, கொய்யா, பப்பாளி நல்லது. இசப்கோல்னு விக்கிற நார்ச்சத்து உமி போட்டா நிறைய தண்ணி கட்டாயம், இல்லன்னா அதுவே உள்ள போய் அடைச்சுக்கும். நாலு நாள் போகலைன்னா வெக்கப்படாம டாக்டர்கிட்ட சொல்லுங்க, அதுக்கு நல்ல மருந்து இருக்கு.

புரோட்டீன் விஷயத்துல ஏமாந்தா கொழுப்போட தசையும் சேர்ந்து கரையும், எடை வேகமா இறங்கும்போது முடியும் கொட்டும். அதனால தட்டுல முதல்ல முட்டை, மீன், பன்னீர், சுண்டல், அப்புறம் இடம் இருந்தா சாதம்.

ஆனா எல்லாத்தையும் "ஊசின்னா அப்படித்தான் இருக்கும்"னு விட்டுடக் கூடாது. மேல்வயித்துல விடாம கடுமையா வலிச்சு முதுகுக்குப் போச்சுன்னா அது கணைய அழற்சியா இருக்கலாம், அடுத்த ஊசியைத் தொடாம நேரா ஆஸ்பத்திரி. வலது பக்கம் விலாவுக்குக் கீழ வலி, கூட காய்ச்சலோ கண்ணு மஞ்சளாகுறதோ இருந்தா பித்தப்பையைப் பாக்கணும். தண்ணி கூட தங்காம வாந்தி வந்தா கிட்னிக்கு ஆபத்து. இன்சுலின், கிளிமிபிரைடு எடுக்கிற சுகர்காரங்களுக்கு சுகர் ரொம்ப இறங்கிடலாம், அந்த மருந்தோட அளவை டாக்டர் முன்னாடியே மாத்தணும். கருத்தடை மாத்திரை போடுற பொண்ணுங்க இன்னொண்ணு கவனிங்க, மௌன்ஜாரோ ஆரம்பிக்கும்போதும் டோஸ் ஏத்தும்போதும் அடுத்த 4 வாரத்துக்கு அந்த மாத்திரையை மட்டும் நம்ப முடியாது. ஆபரேஷன், எண்டோஸ்கோப்பின்னு போனா மயக்க டாக்டர்கிட்ட இந்த ஊசியைப் பத்தி கண்டிப்பா சொல்லிடுங்க, வெறும் வயிறுன்னு நாம நினைப்போம், உள்ள ராத்திரி சாப்பாடு அப்படியே இருக்கும்.

எனக்கு அடுத்த வாரம் டோஸ் 7.5. வெள்ளிக்கிழமை நைட்டு போட்டுட்டா படுத்துறது எல்லாம் சனி ஞாயிறுலயே முடிஞ்சிடும், ஆபீஸ்ல போய் முழிக்க வேண்டாம். அந்த ரெண்டு நாள் வீட்ல அப்பளம் பொரிக்கக் கூடாதுன்னு மட்டும் சொல்லி வச்சிருக்கேன், பையன் இன்னும் ஒத்துக்கல.