வெட்டுகிற இடம் அது இல்லை

ரைட்டர் மட்டும் போதும், மற்றதையெல்லாம் எதற்குப் போட்டு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்காத துறை எங்கள் கல்லூரியில் கிடையாது. கணினிப் பராமரிப்பில் இருப்பவன் நான். ஆய்வகம், அலுவலகம், தேர்வுப் பிரிவு, நூலகம் என்று எல்லா இடத்திலும் லிப்ரே ஆபீஸ் என்ற இலவச ஆபீஸ் தொகுப்புதான், பாதி மெஷினில் விண்டோஸ், மீதியில் உபுண்டு லினக்ஸ். கேட்பவர்கள் சொல்லும் காரணம் எப்போதும் இரண்டில் ஒன்று. மெஷின் பழசு, இவ்வளவு பெரிய சாமானைத் தாங்காது. இல்லாவிட்டால், ஒன்று ஹேங் ஆனால் எல்லாம் சேர்ந்து போய்விடுகிறது. இரண்டுமே வெறும் புலம்பல் இல்லை. ஆனால் கடிதம் எழுதும் ரைட்டர் தனி, கணக்குப் போடும் கால்க் தனி, ஸ்லைடு காட்டும் இம்ப்ரெஸ் தனி என்று உடைத்துக் கொடுத்துவிட்டால் இரண்டும் தீர்ந்துவிடும் என்கிறார்களே, அதை மட்டும் நான் ஒத்துக்கொள்வதில்லை. பிரிக்கலாம், ஆனால் வேறு இடத்தில் பிரிக்க வேண்டும்.

இரண்டாவது புகாரை முதலில் எடுக்கிறேன். அலுவலகக் கண்காணிப்பாளராக இருக்கும் அக்கா ஒருநாள் ரைட்டரில் சுற்றறிக்கை தட்டிக்கொண்டிருந்தார். நடுவில் யாரோ கட்டண நிலுவைப் பட்டியலைக் கேட்க, அந்த ஃபைலைத் திறந்தார். அந்த ஃபைலே ஒரு தனிக் கதை. வருடா வருடம் வந்தவர்கள் எல்லாம் ஆளுக்கொரு ஷீட் சேர்த்து, ஒவ்வொரு ஷீட்டிலும் விலுக்கப் என்ற தேடல் ஃபார்முலா போட்டு, தேவை இருக்கிறதோ இல்லையோ ஃபார்முலாவைக் கீழே வரை இழுத்து விட்டிருக்கிறார்கள், ஒன்று இன்னொன்றைப் பார்க்கும், அது மூன்றாவதைப் பார்க்கும், யாருக்கும் அதை அழிக்கத் தைரியம் கிடையாது. திறந்ததும் ஜன்னல் வெளுத்துப்போய் நின்றுவிட்டது. அக்கா விவரமானவர், டாஸ்க் மேனேஜருக்குப் போய் என்ட் டாஸ்க் கொடுத்துவிட்டார். கால்க் போனது, கூடவே ரைட்டரும் போனது.

"தம்பி, கணக்கைத்தானே மூடச் சொன்னேன், இது லெட்டரையும் சேர்த்து மூடிட்டுதே" என்று போன் வந்தது.

"திரும்பத் திறங்க அக்கா, ரெக்கவரின்னு ஒண்ணு வரும், லெட்டர் அதுல இருக்கும்" என்றேன். இருந்தது, கடைசியாக அடித்த பத்தியைத் தவிர.

அவர் மேல் தப்பே இல்லை. ஸ்டார்ட் மெனுவில் தனித்தனி ஐகான்கள் இருக்கின்றன, ரைட்டருக்கு ஒரு நிறம், கால்க்குக்கு ஒரு நிறம். பார்க்கிறவருக்கு இவை தனித்தனி புரோகிராம்கள்தான். உள்ளே அப்படி இல்லை. ரைட்டர் ஐகானுக்குப் பின்னால் இருப்பது துக்கடா அளவு ஃபைல் ஒன்று, அது செய்வதெல்லாம் எஸ்ஆபீஸ் என்ற ஒரே புராசஸை (மெஷினில் ஓடும் புரோகிராமை) எழுப்பி "ரைட்டர் ஜன்னலைத் திற" என்று சொல்வதுதான். கால்க் ஐகானும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஏற்கெனவே எஸ்ஆபீஸ் ஓடிக்கொண்டிருந்தால் புதிதாக எதுவும் தொடங்காது, ஓடிக்கொண்டிருப்பதற்குள்ளேயே இன்னொரு ஜன்னல் திறக்கும், அவ்வளவே. டாஸ்க் மேனேஜரில் லிப்ரே ஆபீஸ் என்று ஒரு வரி வரும், அம்புக்குறியைத் தட்டினால் எல்லா ஜன்னலும் அதன் கீழே வரிசையாக நிற்கும்.

இது ஏன் இப்படி என்பதற்குப் பின்னால் நீளமான ஒரு பூர்வீகம் இருக்கிறது. ஜெர்மனியில் லூனபுர்க் என்ற ஊரில் மார்கோ போரீஸ் என்பவர் 1985இல் தொடங்கிய ஸ்டார் டிவிஷன் கம்பெனியில் ஸ்டார்ரைட்டராகப் பிறந்தது இது. 1999இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அந்தக் கம்பெனியையே வாங்கியது, 2000 அக்டோபரில் மூல நிரலை யாரும் பார்த்து மாற்றலாம் என்று திறந்துவிட்டது. அந்தச் சமயத்தில் வந்த ஸ்டார் ஆபீஸ் 5.2ஐப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கலாம். அதைத் திறந்தால் ஒரு முழு டெஸ்க்டாப்பே திறக்கும், அதற்கென்று தனி ஸ்டார்ட் பட்டன், உள்ளேயே மெயில், காலண்டர், பிரௌசர். விண்டோஸுக்குள் இன்னொரு விண்டோஸ். அந்தத் திறந்த நிரலிலிருந்து 2002 மே மாதம் ஓபன்ஆபீஸ் 1.0 வந்தபோது அந்த டெஸ்க்டாப்பைத் தூக்கிவிட்டார்கள், மெயிலும் பிரௌசரும் போயின, ஒவ்வொரு டாக்குமென்ட்டும் தனி ஜன்னலில் திறக்க ஆரம்பித்தது. இன்று நாம் கேட்கிற பிரிவினையை அன்றைக்கே முகப்பில் செய்துவிட்டார்கள். அடித்தளத்தில் கை வைக்கவில்லை. 2010இல் ஓபன்ஆபீஸிலிருந்து லிப்ரே ஆபீஸ் கிளை பிரிந்து வந்தபோதும் அதே அடித்தளம்தான் கூட வந்தது. மூல நிரலில் ரைட்டருக்கான ஃபோல்டரின் பெயர் இன்றும் எஸ்டபிள்யூ, அதாவது ஸ்டார்ரைட்டர். கால்க்குக்கு எஸ்சி. படம் வரையும் டிராவும் இம்ப்ரெஸும் எஸ்டி என்ற ஒரே ஃபோல்டரில் இருக்கின்றன, ஏனென்றால் இம்ப்ரெஸ் என்பதே டிராவின் மேல் ஸ்லைடு காட்டும் வசதியைச் சேர்த்ததுதான். இந்த இரண்டைப் பிரிக்கச் சொன்னால் எந்தப் பக்கத்தில் கத்தி வைப்பது?

எடை விஷயம். இதை யாரும் சோதித்துப் பார்க்கலாம். உபுண்டுவில் ரைட்டர் பேக்கேஜை மட்டும் போடச் சொல்லிப் பாருங்கள். உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியன்காரர்கள் இதை அழகாகத் துண்டு துண்டாகத்தான் வைத்திருக்கிறார்கள், ரைட்டர் தனி பேக்கேஜ், கால்க் தனி, சமன்பாடு எழுதும் மேத் தனி. ஆனால் ரைட்டரைக் கேட்டதும் கோர், காமன், யூனோ என்ற பொது நிரல் நூலகங்கள் எல்லாம் வரிசை கட்டி வரும், தரவுத்தளத்துக்கான பேஸின் உட்பகுதி ஒன்றும் கூடவே வரும். இம்ப்ரெஸைக் கேட்டால் டிராவும் வரும். கனம் முழுக்க அந்தக் கோரில் இருக்கிறது. ஜன்னல், மெனு, எழுத்துரு வரைவது, படம் வரைவது, லிப்ரே ஆபீஸின் ஃபைல் வடிவமான ஓடிஎஃப் படிப்பது, மைக்ரோசாஃப்ட் ஃபைல்களைப் படிப்பதில் பெரும்பகுதி, எழுத்துப்பிழை பார்ப்பது, அச்சடிப்பது எல்லாம் பொது. ஒன்றை எடுத்துவிட்டால் மிச்சமாகும் இடம் சொற்பம், மெமரியில் அதுகூட மிச்சமில்லை, ஏனென்றால் கால்க்கைத் திறக்காதவரை கால்க்கின் நூலகம் பெரும்பாலும் ஏறுவதே இல்லை. தனித்தனியாக ஆக்கினால் என்ன ஆகும்? ஒவ்வொன்றும் அந்தக் கோரைத் தன்னோடு தூக்கிக்கொண்டு திரிய வேண்டும். மூன்று புரோகிராம் வைத்திருப்பவருக்கு மூன்று கோர். ஒரு துறைத் தலைவர் விடாமல் கேட்டதால் அவர் ஆய்வகத்தில் ரைட்டர் தவிர மற்ற ஐகான்களை மெனுவிலிருந்து எடுத்துவிட்டேன், வேறு எதையும் தொடவில்லை. இப்போதுதான் மெஷின் நன்றாக ஓடுகிறது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். இருக்கட்டும்.

பொதுவாக இருப்பதால் நமக்குக் கிடைத்த லாபத்தையும் சொல்ல வேண்டும். லிப்ரே ஆபீஸ் 5.3 வருவதற்கு முன்னால், எழுத்துகளைக் கோத்து வரிசையாக்கும் வேலையை விண்டோஸில் ஒன்று, லினக்ஸில் வேறொன்று, மேக்கில் இன்னொன்று என்று செய்துகொண்டிருந்தன. கொம்பும் காலும் சேரும் தமிழுக்கு இது பெரிய தலைவலி. ஆய்வகத்து லினக்ஸில் அடித்த தமிழ் வினாத்தாளை அலுவலக விண்டோஸில் திறந்தால், அதே எழுத்துருதான், ஆனால் வரி வேறு இடத்தில் மடங்கும், கடைசிக் கேள்வி அடுத்த பக்கத்துக்குத் தாவிவிடும். 2017 பிப்ரவரியில் வந்த 5.3இல் எல்லா இயங்குதளத்துக்கும் ஹார்ஃப்பஸ் என்ற ஒரே எஞ்சினைக் கொண்டுவந்தார்கள். மாற்றம் நடந்தது பொது அடுக்கில், அதனால் ரைட்டர், கால்க், இம்ப்ரெஸ் எல்லாவற்றிலும் ஒரே நாளில் நடந்தது. தனித்தனி குழுக்கள் தனித்தனி புரோகிராம் நடத்தியிருந்தால், ரைட்டரில் கொம்பு ஒழுங்காக இருந்து இம்ப்ரெஸில் இன்னும் தடுமாறிக்கொண்டிருக்கும் என்றே நினைக்கிறேன்.

பிரிக்கச் சொல்பவர்கள் தவறாமல் காட்டும் உதாரணம் மோசில்லா. ஒரு காலத்தில் பிரௌசர், மெயில், வலைப்பக்க எடிட்டர் எல்லாம் சேர்ந்த ஒரே தொகுப்பாக இருந்தது. அதைப் பிரித்து 2004 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 1.0 வந்தது, உலகம் கொண்டாடியது. உண்மைதான். ஆனால் பிரௌசருக்குள் மெயிலைச் செருகி யாரும் சேமிப்பதில்லை. ஆபீஸ் டாக்குமென்ட்டில் அதைத்தான் நாள் முழுக்கச் செய்கிறோம். எங்கள் தேர்வுப் பிரிவின் ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மாணவர் பட்டியல் கால்க் ஷீட்டில், டிக்கெட் வடிவம் ரைட்டரில், இரண்டையும் இணைத்து ஆளுக்கொரு டிக்கெட் உருவாக்கும் மெயில் மெர்ஜ் செய்யப் பாலமாக இருப்பது பேஸ். எங்கள் ஆட்கள் யாரும் பேஸ் ஐகானை வாழ்நாளில் தொட்டதில்லை, ஆனால் உபுண்டு மெஷினில் பேஸ் பேக்கேஜ் இல்லாவிட்டால் ஹால் டிக்கெட் வராது. "இந்தப் பேஸ் எதுக்கு சார் சும்மா கெடக்கு, எடுத்துடலாமா" என்று ஒரு உதவியாளர் கேட்டபோது, தேர்வு முடியட்டும், அப்புறம் நீங்களே எடுத்துப் பாருங்கள் என்றேன்.

உண்மையிலேயே பிரிந்து போய் நன்றாக வாழ்கிறவர்களும் இருக்கிறார்கள். லினக்ஸுக்கான கேடிஈ என்ற டெஸ்க்டாப் திட்டத்தின் பக்கத்தில் கேஆபீஸ் என்றொரு ஆபீஸ் தொகுப்பு இருந்தது, 2010இல் அது காலிக்ரா ஆனது. அதற்குள் ஓவியம் வரையும் கிரிட்டாவும் இருந்தது. 2016 மே மாதம் கிரிட்டா 3.0 வந்தபோது அது காலிக்ராவை விட்டு முழுக்க வெளியேறியிருந்தது. தரவுத்தளத்துக்கான கெக்ஸியும் அதேபோல் தனிக்குடித்தனம் போனது. கிரிட்டா இன்று உலகம் முழுக்க ஓவியர்கள் கையில் இருக்கிறது. ஆனால் அது எப்படிப் போனது என்று பாருங்கள். பொதுவாக இருந்த ஃப்ளேக், பிக்மென்ட் போன்ற நூலகங்களைத் தன் வீட்டுக்குள் எடுத்துவைத்துக்கொண்டு தனக்கேற்ப மாற்றிக்கொண்டது. அதற்கென்று சொந்தமாகப் பயனர்கள் இருந்தார்கள், கடிதம் எழுதுகிறவர்களோடு அவர்களுக்குக் கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லை. ரைட்டருக்கும் கால்க்குக்கும் அப்படி வேறு வேறு ஆட்கள் கிடையாது, எங்கள் அக்கா மாதிரி ஒரே ஆள், ஒரே மேசை, இரண்டு ஜன்னல். ஆரம்பத்திலிருந்தே தனியாக வளர்ந்த, எழுதுவதற்கான அபிவேர்டும் கணக்குக்கான குனுமெரிக்கும்கூட, வரைபடம் போட ஜிஆபீஸ் என்ற நூலகத்தைப் பங்கு போட்டுக்கொண்டவைதான்.

சரி, அக்காவின் லெட்டருக்கு என்ன வழி? புரோகிராம் புரோகிராமாக வெட்டினாலும் அவருக்கு அரைத் தீர்வுதான். இரண்டு ஷீட் திறந்திருந்து ஒன்று ஹேங் ஆனால் மற்றதும் போகத்தானே செய்யும். அவருக்குத் தேவை டாக்குமென்ட்டுக்கு டாக்குமென்ட் தடுப்புச் சுவர்.

லிப்ரே ஆபீஸிலேயே இதற்குப் பாதி வழி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. தொடங்கும்போது வேறொரு பயனர் புரொஃபைல் ஃபோல்டரைக் காட்டினால், அது ஓடிக்கொண்டிருக்கும் எஸ்ஆபீஸோடு ஒட்டாமல் தனிப் புராசஸாக ஓடும். அந்தக் கட்டண ஃபைலுக்கென்று இப்படி ஒரு ஷார்ட்கட் செய்து அக்காவின் டெஸ்க்டாப்பில் "கட்டணம்" என்று பெயர் போட்டு வைத்தேன். அந்த ஷார்ட்கட் வழியாகத் திறக்கும் வரை நன்றாக இருக்கிறது, ஹேங் ஆனால் அதை மட்டும் கொல்லலாம், லெட்டர் அசையாது. ஆனால் புரொஃபைல் வேறு என்பதால் எல்லா அமைப்பும் வேறு. தமிழ் எழுத்துரு, தானாகத் திருத்தும் பட்டியல், அகராதியில் சேர்த்து வைத்த சொற்கள் எல்லாவற்றையும் அங்கே மறுபடி சொல்லிக்கொடுக்க வேண்டும். அதைவிட முக்கியம், மெயிலில் வந்த ஃபைலை யாராவது டபுள் கிளிக் செய்தால் அது பழைய புரொஃபைலில்தான் போய்த் திறக்கும். மனிதர்கள் ஃபைலைத் திறப்பது டபுள் கிளிக்கில்தான். எல்லாருக்கும் இதைப் பழக்குவது நடக்கிற காரியம் இல்லை.

இதை முழுதாகச் செய்திருப்பது கொலாபரா ஆன்லைன். பிரௌசரில் ஓடுவது, ஆனால் உள்ளே இருப்பது லிப்ரே ஆபீஸின் அதே எஞ்சின். சர்வரில் ஒவ்வொரு டாக்குமென்ட்டுக்கும் ஒரு தனிப் புராசஸ், அதை அடைத்து வைக்கும் தனிக் கூண்டு. ஒரு தாய் புராசஸ் கோரை முன்கூட்டியே மெமரியில் ஏற்றி வைத்திருக்கும், டாக்குமென்ட் திறக்கும்போதெல்லாம் தன்னிலிருந்தே ஒரு பிரதியைக் கிளைத்துக் கொடுக்கும், அதனால் கனமான அந்த அடித்தளத்தை ஒவ்வொரு முறையும் புதிதாக ஏற்ற வேண்டியதில்லை, ஏறிய பக்கங்களும் பெரும்பாலும் பங்கிடப்பட்டே இருக்கும். ஒரு ஷீட் செத்தால் அந்த ஷீட் மட்டும் சாகும். ரைட்டரா கால்க்கா என்ற கேள்வியே அங்கே எழவில்லை. 2008இல் குரோம் பிரௌசர் டேப்களைத் தனித்தனி புராசஸ்களில் ஓட்டத் தொடங்கியதும் ஏறக்குறைய இதே யோசனைதான்.

எங்கள் கல்லூரியில் இதைச் சோதனைக்குப் போட்டுப் பார்க்க முதல்வர் சம்மதித்திருக்கிறார். சிக்கல் சர்வரில் இருக்கிறது. டாக்குமென்ட்டுக்கு ஒரு புராசஸ் என்றால், அடித்தளம் பொதுவாக இருந்தாலும் ஃபைலின் கனம் ஒவ்வொன்றுக்கும் தனியாக ஏறும், அந்தக் கட்டண ஃபைல் மாதிரி நாலு திறந்தால் போதும். தேர்வு சமயத்தில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் எத்தனை ஃபைல் திறந்து வைத்திருப்பார்கள் என்று ஒவ்வொரு பிரிவும் எழுதிக் கொடுத்தால்தான் எவ்வளவு மெமரி கேட்பது என்று சொல்ல முடியும் என்று சுற்றுக்கு விட்டிருக்கிறேன். இதுவரை பதில் தந்தது நூலகம் மட்டும். அவர்களுக்கு ரைட்டர் மட்டும் போதுமாம்.