ஒரே மழை, ஐந்து நீர்நிலைகள்: தெற்கு ஒண்டாரியோவில் இலையுதிர்கால மீன்பிடிப்பு

என் தூண்டில் பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்த பொருள் தூண்டில் அல்ல, ஒரு வெப்பமானி. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலுக்குள் அதை வைத்து, பாட்டிலின் பக்கவாட்டில் நாலைந்து துளை போட்டு, அடியில் ஈயக்குண்டு கட்டியிருக்கிறேன். கழுத்தில் 20 மீட்டர் கயிறு, மீட்டருக்கு ஒரு முடிச்சு. வேண்டிய ஆழத்துக்கு இறக்கி ஐந்து நிமிடம் விட்டுவிட்டுச் சரசரவென்று இழுத்தால், பாட்டிலுக்குள் இருக்கும் நீரோடு அந்த ஆழத்தின் சூடும் மேலே வந்துவிடும். கோடையில் இது இல்லாமலும் சமாளிக்கலாம். அக்டோபரில் இதைத்தான் முதலில் தண்ணீரில் போடுவேன்.

ஏனென்றால் இலையுதிர்காலம் எல்லாத் தண்ணீருக்கும் ஒரே நாளில் வருவதில்லை. கரையில் மேப்பிள் மரங்கள் எல்லாம் ஒன்றுபோலச் சிவந்து நிற்கும். அதற்குப் பக்கத்தில் இருக்கும் ஏரி இன்னும் கோடையில் இருக்கும், அடுத்த ஏரி பாதி மாறியிருக்கும், ஆறு தனி வழியில் போய்க்கொண்டிருக்கும். சென்ற அக்டோபரில் கனடாவின் நன்றி நவிலும் நாள் முடிந்த மறுநாள், செவ்வாய்க்கிழமை, என் மச்சினனும் நானும் கிளம்பி ஐந்து நாளில் ஐந்து நீர்நிலைகளைப் பார்த்தோம். அந்த வார இறுதியில்தான் தெற்கு ஒண்டாரியோ முழுக்க நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஒரே மழை ஐந்து இடத்தில் ஐந்து விதமாக வேலை செய்திருந்ததைப் பார்த்ததுதான் இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த பெரிய விஷயம்.

முதலில் போர்ட் ஹோப். டொராண்டோவிலிருந்து 401 நெடுஞ்சாலையில் கிழக்கே 110 கிலோமீட்டர் போல. கனரஸ்கா ஆறு ஊரின் நடுவே ஓடி ஒண்டாரியோ ஏரியில் கலக்கிறது. கலக்கும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே கார்பெட் அணை. அதன் ஓரத்தில் மீன்கள் ஏறிப்போக மீன் படிக்கட்டு கட்டியிருக்கிறார்கள். அணையைச் சுற்றி மீன் காப்பிடம் என்பதால் அங்கே தூண்டில் போடக்கூடாது. நாங்கள் போனதும் பார்ப்பதற்குத்தான்.

சினூக் சால்மன்கள் முட்டையிட ஆற்றில் ஏறுவது செப்டம்பரில் உச்சத்தில் இருக்கும். நாங்கள் போனபோது அதன் கடைசிப் பகுதி. ஏரியில் வெள்ளி மாதிரி இருந்த மீன், ஆற்றுக்குள் வந்ததும் பச்சையும் பழுப்புமாகக் கறுத்துவிடுகிறது. ஆற்றில் நுழைந்தபின் அது இரை எடுப்பதில்லை, உடம்பில் சேர்த்துவைத்த கொழுப்பை எரித்துத்தான் ஏறுகிறது. அணையின் கீழே ஒரு பெட்டை மீனைப் பத்து நிமிடம் பார்த்தேன். வாலின் கீழ்ப்பகுதி தேய்ந்து எலும்புக் கதிர்கள் வெள்ளையாகத் தெரிந்தன. முதுகில் உள்ளங்கை அளவுக்குப் பூஞ்சை படர்ந்த வெள்ளைத் திட்டு. அப்படியும் அது நுரைக்கு அடியில் ஒதுங்கி நின்று, மூச்சு வாங்கி, மறுபடி எகிறியது. மூன்று தடவை சுவரில் மோதி விழுந்தது. நான்காவது தடவை படிக்கட்டின் வாய்க்குள் போய்விட்டது. முட்டையிட்டபின் அது செத்துவிடும். தெரிந்தும் கைதட்டாமல் இருக்க முடியவில்லை, பக்கத்தில் நின்ற குழந்தைகளும் கைதட்டினார்கள்.

இந்த சினூக் இந்த ஏரியின் சொந்த மீன் அல்ல. ஒண்டாரியோ ஏரியில் ஒரு காலத்தில் அட்லாண்டிக் சால்மன் ஏராளமாக இருந்தது. ஆலைகளுக்காகக் கட்டிய அணைகள், காடழிப்பு, அளவில்லாத மீன்பிடிப்பு எல்லாம் சேர்ந்து 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அதை இல்லாமல் ஆக்கிவிட்டன. பசிபிக் கரையின் சினூக்கையும் கோஹோவையும் பேரேரிகளில் பெரிய அளவில் விட்டது 1960களின் பிற்பாதியில். கடலிலிருந்து வந்து பெருகிப்போயிருந்த ஏல்வைஃப் என்ற சிறு மீனை இவை தின்று குறைக்கும் என்பது அதற்கு ஒரு காரணம். இப்போது அட்லாண்டிக் சால்மனையும் திரும்பக் கொண்டுவர முயற்சி நடக்கிறது.

கனரஸ்காவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மழை நின்று ஒரு நாள்தான் ஆகியிருந்தது, ஆனால் முழங்கால் ஆழத்தில் கூழாங்கல் எண்ணும் அளவுக்குத் தெளிந்திருந்தது. நீரின் சூடு 9 டிகிரி. இதன் தலைப்பகுதி ஓக் ரிட்ஜஸ் மொரைன் என்ற மணல் மேட்டில் இருக்கிறது. பனியாறுகள் விட்டுப்போன மணலும் சரளையும் மழையை உறிஞ்சி, குளிர்ந்த ஊற்றாக மெல்ல வெளியே விடுகின்றன. மரம் வெட்டித் தீர்த்து மணல் பறந்துகொண்டிருந்த அந்த மேட்டில் 1940களிலிருந்து மரம் நட்டுத்தான் இன்றைய கனரஸ்கா காடு உருவானது. அந்த மரங்கள் இல்லையென்றால் கீழே இந்தத் தெளிவு இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

மறுநாள் வடக்கே ஸ்டோனி ஏரி. பீட்டர்பரோவுக்கு வடகிழக்கில், சுண்ணாம்புப் பாறை முடிந்து கனடியன் ஷீல்ட் என்ற பழம்பாறை நிலத்தின் கருங்கல் தொடங்கும் விளிம்பில் இருக்கிறது. நூற்றுக்கணக்கான பாறைத் தீவுகள், அழகுக்குக் குறைவே இல்லை. ஸ்மால்மௌத் பாஸ் மீன் பிடிக்கலாம் என்று படகு எடுத்தோம். நடு ஏரிக்குப் போகும்போதே தண்ணீர் சரியில்லை என்று தெரிந்தது. பச்சையும் பழுப்பும் கலந்த கலங்கல், மேலே அழுகிய பாசித் துணுக்குகள், லேசாக அழுகின முட்டை வாடை. பாட்டிலை இறக்கினேன். மேலே 12 டிகிரி. 5 மீட்டரில் 12. 15 மீட்டரிலும் 12.

"மாமா, கயிறு கீழ போகலையோ?" என்றான் மச்சினன். கயிறு சரியாகத்தான் போயிருந்தது. ஏரி புரண்டுகொண்டிருந்தது.

இதைப் புரிந்துகொண்டால் இலையுதிர்கால மீன்பிடிப்பில் பாதி புரிந்த மாதிரி. கோடையில் ஆழமான ஏரியில் வெதுவெதுப்பான நீர் மேலே மிதக்கும், குளிர்ந்த நீர் அடியில் கிடக்கும், இரண்டும் கலப்பதில்லை. நடுவில் ஓரிரு மீட்டருக்குள் சூடு சட்டென்று விழும் ஒரு அடுக்கு. மீன்கள் பெரும்பாலும் அதற்கு மேலேயோ அதை ஒட்டியோ நிற்கும், ஏனென்றால் அடியில் ஆக்சிஜன் குறைந்துபோயிருக்கும். இரவுகள் குளிர்ந்ததும் மேல்நீர் கனத்து இறங்கத் தொடங்கும். மேலும் கீழும் ஒரே சூட்டுக்கு வந்துவிட்டால் இரண்டையும் பிரித்துவைக்க எதுவும் இல்லை, ஒரு நல்ல காற்று அடித்தால் ஏரி முழுவதும் கலந்துவிடும். கோடை முழுக்க அடியில் அழுகியதெல்லாம் மேலே வரும். ஓரிரு வாரத்துக்கு மீன் எங்கே நிற்கும் என்று சொல்லவே முடியாது, முன்பு நின்ற இடத்தில் நிற்க அதற்கு இப்போது காரணம் இல்லை. அப்புறம் நீர் தெளிந்து, அடிவரை ஆக்சிஜன் போய்ச் சேர்ந்து, குளிர்காலத்துக்கு முந்தைய நல்ல மீன்பிடிப்பு தொடங்கும்.

மதியம் வரை முயன்றோம். ஒரு கடிகூட இல்லை. புரண்டுகொண்டிருக்கும் ஏரியில் பொறுமையாக உட்கார்ந்திருப்பதால் பயனில்லை, வேறு நீருக்குப் போவதுதான் வழி என்பது என் அனுபவம். திரும்பித் தெற்கே ரைஸ் ஏரிக்கு வண்டியை விட்டோம்.

ரைஸ் ஏரி 30 கிலோமீட்டருக்கு மேல் நீளம், ஆனால் பெரும்பகுதி மூன்று மீட்டர் ஆழம்கூட இல்லை. பூர்வகுடி மக்கள் அறுவடை செய்த காட்டு நெல்லால் வந்த பெயர். ஆழம் இல்லாததால் கோடையிலேயே காற்று அதை அடிவரை கலக்கிக்கொண்டே இருக்கும். புரள்வதற்குத் தனியாக ஒன்றும் இல்லை. ஸ்டோனி கெட்டுப்போன வாரத்தில் இது நன்றாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

இங்கே சூட்டைவிடப் பாசிதான் முக்கியம். பியூட்லி பக்கத்திலிருந்து வாடகைப் படகில் கிளம்பி, முதல் பாசிப் படுகையில் கொக்கியால் ஒரு கொத்து இழுத்துப் பார்த்தேன். பழுப்பாக, விரலில் வழவழவென்று ஒட்டியது, நாற்றமும் இருந்தது. சாகிற பாசி அழுகும்போது சுற்றியுள்ள ஆக்சிஜனைத் தின்னும், சிறு மீன்கள் விலகும், பெரியவை அவற்றின் பின்னால் போகும். அங்கே நிற்கவில்லை. நான்காவது இடத்தில் வந்த கொத்து நல்ல பச்சை. ஒடித்தால் நறுக்கென்று முறிந்தது, இலைகளுக்கு நடுவே நகம் அளவு நத்தைகளும் ஒரு சிறு இறாலும் இருந்தன. நங்கூரம் போட்டோம். ஒரு மணி நேரத்தில் கை நிறைய கிராப்பியும் பெர்ச்சும். ஜிக் என்ற ஈயத்தலை முள்ளைத் தூக்கித் தூக்கி ஆட்டாதீர்கள். குளிர்ந்த நீரில் மீன் துரத்துவதில்லை, முன்னால் மெல்ல இறங்கினால் வாயைத் திறக்கும்.

நேரமும் மாறிவிடுகிறது. கோடையில் விடியற்காலைதான் என்று எழுந்து ஓடுவோம். அக்டோபரில் காலை தாராளமாகப் போகட்டும். வெயில் கரையோர நீரை ஒரு டிகிரி ஏற்றிய பிறகு, மதியத்திலிருந்து பொழுது சாயும்வரைதான் நல்ல நேரம். வால்-ஐ மீனுக்கு அந்தி. அதன் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு, மங்கலில் மற்ற மீன்களைவிட அதற்கு நன்றாகத் தெரியும். ஓட்டோனபீ ஆறு ஏரிக்குள் வரும் வாயில், சூரியன் இறங்கி இருபது நிமிடத்தில் மச்சினனின் கம்பு வளைந்தது. விளக்கைப் பிடித்தபோது தண்ணீருக்குள் முதலில் தெரிந்தது கண்தான், வெள்ளிக் காசு மாதிரி. அளந்தால் 50 சென்டிமீட்டருக்கு மேல். அந்த அளவுள்ளதை வைத்துக்கொள்ள முடியாது, முட்டை போடும் பெரிய பெட்டைகளைக் காக்கத்தான் இந்த விதி. ஈரக் கையால் பிடித்து வாயிலிருந்து முள்ளை எடுத்தான். தண்ணீரில் நிமிர்த்திப் பிடித்ததும் வாலை ஒரு அடி அடித்துவிட்டுப் போனது.

ஒண்டாரியோவில் 20 மீன்வள மேலாண்மை மண்டலங்கள் உண்டு. கனரஸ்கா, ஸ்டோனி, ரைஸ் மூன்றும் 17ஆம் மண்டலம், அடுத்து நாங்கள் போன இரண்டும் 16. எந்த மீனுக்கு எந்தத் தேதி வரை அனுமதி என்பது மண்டலத்துக்கு மண்டலம் மாறும். 17இல் வால்-ஐ மீன்பிடிப்பு நவம்பர் 15ஆம் தேதியோடு மூடிவிடும். உரிமம் எடுத்துவிட்டால் போதும் என்று இருந்துவிடாமல், போகும் நீரின் விலக்குகளையும் படித்துவிட்டுப் போங்கள்.

சிம்கோ ஏரியில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாரி நகரத்தை ஒட்டிய கெம்பன்ஃபெல்ட் விரிகுடா இந்த ஏரியிலேயே ஆழமான இடம், 41 மீட்டர். அத்தனை தண்ணீர் ஆறுவதற்கு நாளாகும். மேலே 13, என் கயிற்றின் கடைசி முடிச்சில் 9. அதாவது சிம்கோ இன்னும் புரளவே தொடங்கவில்லை, ஸ்டோனியை விட இரண்டு மூன்று வாரம் பின்னால் இருந்தது. துறையிலிருந்து கொஞ்சம் பெர்ச், எல்லாம் சிறியவை. பெரிய பெர்ச்சுகள் கரைக்கு வரக் குளிர் இன்னும் இறங்க வேண்டும்.

சனிக்கிழமை நாட்டவசாகா ஆறு. வசாகா பீச்சில், ஹியூரான் ஏரியின் ஜார்ஜியன் விரிகுடாவில் கலக்கிறது. மழை நின்று ஐந்து நாள் ஆகிவிட்டது, தண்ணீர் இன்னும் பால் ஊற்றிய காபி நிறம்! முழங்கால் அளவில் நின்றால் பூட்ஸ் தெரியவில்லை. இந்த ஆறு களிமண் நிலத்தில் ஓடிவருகிறது. வழியில் மினசிங் சதுப்புநிலம், 1996இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. வெள்ளத்தை அது வாங்கி வைத்துக்கொண்டு, பல நாளுக்கு மெல்ல மெல்ல விடுகிறது. கனரஸ்கா ஒரு நாளில் முடித்த வேலைக்கு இதற்கு ஒரு வாரம்.

கலங்கலிலும் ரெயின்போ டிரௌட் மீன் வரும். சினூக் போல இது இலையுதிர்காலத்தில் முட்டையிடுவதில்லை, வசந்தத்தில்தான். ஆனால் சால்மன் முட்டைகளைத் தின்ன அவற்றின் பின்னாலேயே ஆற்றுக்குள் வந்துவிடும். அதனால் இரையும் முட்டைதான், ஐந்தாறு முட்டைகளை மெல்லிய வலைத்துணியில் பட்டாணி அளவுக்குக் கட்டியது. தெளிந்த நீரானால் சிறிய பொட்டலம், வெளிர் நிறம். கலங்கலுக்குப் பெரிதாக, பளிச்சென்ற ஆரஞ்சு. தக்கையை நீரோட்டத்தோடு விட்டு, இரை அடியிலிருந்து ஒரு சாண் மேலே உருண்டு போகும்படி ஈயத்தைச் சரி செய்ய வேண்டும். காற்றில் உதிர்ந்த இலைகள் தூண்டில் நரம்பில் மாட்டி மாட்டி வந்தன, ஐந்து வீச்சில் மூன்று இலைக்குத்தான் போனது.

ஆற்றில் இறங்குகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். சரளையில் பாசி இல்லாமல் கழுவியதுபோல வெளுத்த ஒரு வட்டம் தெரிந்தால் அதை மிதிக்காதீர்கள். பெட்டை சால்மன் வாலால் அடித்துச் சுத்தம் செய்து முட்டைகளைப் புதைத்த இடம் அது. அங்கே நிற்கும் மீனின் உடம்பில் முள்ளை மாட்டி இழுப்பதும் சட்டப்படி குற்றம். தெரியாமல் வாய்க்கு வெளியே மாட்டினாலும் உடனே விட்டுவிட வேண்டும். அந்த மீன்கள் எவ்வளவு தூரம் வந்திருக்கின்றன என்று அணையில் பார்த்தவனுக்கு இந்த விதி கடுமையாகவே தோன்றாது.

மூன்று மணிக்கு மேல், வளைவின் உட்பக்கம் நீர் மெதுவாகும் இடத்தில் தக்கை சட்டென்று காணாமல் போனது. இழுத்த மாத்திரத்தில் மீன் இரண்டு தடவை நீருக்கு மேலே எகிறியது. பத்து நிமிடம். கரைக்கு வந்தபோது இன்னும் வெள்ளியாகவே இருந்தது, ஏரியிலிருந்து வந்து நாளாகவில்லை. செவுள் மூடியில் மட்டும் இளஞ்சிவப்பு ஏறத் தொடங்கியிருந்தது. தண்ணீரிலிருந்து தூக்காமலே முள்ளைக் கழற்றினேன். நீரோட்டத்துக்கு எதிரே முகம் வைத்துப் பிடித்திருந்தபோது அதன் வால் என் மணிக்கட்டில் இரண்டு முறை தட்டியது, அப்புறம் கலங்கலில் மறைந்துவிட்டது.

வெப்பமானியை எடுத்துப் பார்த்தேன், 8 டிகிரி. மச்சினன் நோட்டில் குறித்துக்கொண்டான். வண்டியில் ஏறும்போது மறுபடி தூறல் தொடங்கியது.

"இனி ஒரு வாரத்துக்கு இங்க வர வேண்டாம் மாமா" என்றான். அவன் சொன்னது சரிதான். ஸ்டோனி அதற்குள் தெளிந்திருக்கும், பாஸ் பருவம் டிசம்பர் வரை இருக்கிறது.