வேலிக்குள் வெந்த சோறு

பெரம்பூரில் ஒரு போட்டித் தேர்வுப் பயிற்சி மையத்தில் 12 ஆண்டுகளாக உள்நாட்டுப் பாதுகாப்புப் பாடம் நடத்துகிறேன். மக்களின் மனத்தை வென்றதால்தான் மலாயாவில், அதாவது இன்றைய மலேசியாவின் தீபகற்பப் பகுதியில், ஆங்கிலேயர் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்கினார்கள் என்பது மாணவர்கள் எல்லோரும் எழுதும் விடை. அங்கே பிரிட்டிஷ் உயர் ஆணையராக இருந்த டெம்ப்ளர் மக்கள் மனத்தைப் பற்றிப் பேசிய புகழ்பெற்ற பேச்சை மேற்கோள் காட்டினால் நானும் மதிப்பெண்ணைக் கூட்டிப் போடுவேன்.

வியாசர்பாடியிலிருந்து வரும் மாணவி ஒருத்தி மட்டும் பூட்டிய அரிசியைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தாள். கேள்விக்குத் தொடர்பில்லை என்று சிவப்பு மையால் அடித்தேன். மறுவாரம் அவளுடைய பாட்டி வந்தார். மலாயாவின் பேராக் மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்து, பிற்காலத்தில் ரஜுலா கப்பலில் சென்னை திரும்பியவர்.

"மனசை எங்க சார் ஜெயிச்சாங்க? சோத்தைத்தான் பூட்டி வெச்சாங்க" என்றார்.

தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தைச் சுற்றி முள்வேலி. விடியற்காலையில் மரம் சீவப் போகும்போது வாசலில் உடம்பைத் தடவிச் சோதனை. ஒரு பிடி அரிசி மடியில் இருந்தாலும் குற்றம். கடையில் டின் உணவு வாங்கினால், காட்டிலிருந்த கிளர்ச்சியாளர்களுக்குப் போய்ச் சேராதபடி அங்கேயே ஓட்டை போட்டுக் கொடுப்பார்கள். அவர்களுக்கு அரிசியும் மருந்தும் செய்தியும் கொண்டு சேர்த்த மின் யுவென் என்ற ஊர்மக்கள் வலைப்பின்னலை அறுப்பதற்கே 1950இல் பிரிட்டிஷ் தளபதி பிரிக்ஸின் திட்டம் வந்தது. சுமார் 5 லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், வேலியிட்ட புதுக் கிராமங்களுக்குப் பெயர்க்கப்பட்டார்கள். அவர்களில் எத்தனை பேர் மனமுவந்து அரிசி கொடுத்தவர்கள், எத்தனை பேர் இரவில் கதவு தட்டப்பட்ட அச்சத்தில் கொடுத்தவர்கள் என்பதை வேலி பிரித்துப் பார்க்கவில்லை.

வேலி மட்டுமே வென்றது என்று சொல்லிவிடவும் முடியாது. கொரியப் போர் ரப்பர் விலையை ஏற்றி வருமானத்தைக் கூட்டியது; 1957இல் விடுதலை வந்ததும், அந்நிய ஆட்சியை எதிர்க்கிறோம் என்ற பேச்சுக்கே காட்டில் இடமில்லாமல் போயிற்று. நம் அரசு 1967இல் மிசோ மலைகளில், அதாவது இன்றைய மிசோரத்தில், மிசோ கிளர்ச்சியை அடக்க அதே முறையில் ஊர்களைத் திரட்டியபோது அப்படி எதுவும் கூடவே வரவில்லை. முந்தைய ஆண்டு அங்குள்ள ஐஸ்வால் நகரின் மீது நம் விமானப்படையின் தாக்குதல் நடந்திருந்தது; ஊர்கள் திரட்டப்பட்டதும் மலைச்சரிவு வயல்களும் எட்டாத் தொலைவாயின. கிளர்ச்சியாளர்களுடன் அமைதி உடன்பாடு 1986இல்தான் கையெழுத்தாயிற்று.

பாட்டி மதிப்பெண் கேட்டு வரவில்லை, பேத்தி எழுதியது பொய்யில்லை என்று சொல்லத்தான் வந்தார். இருந்தாலும், சிவப்புக் கோட்டின் மேல் கையெழுத்திட்டு 4 மதிப்பெண் கூட்டிக் கொடுத்தேன்.