மட்கார்டின் ஓரத்தில் இருந்த கோடு

வோக்ஸ்வேகன் பீட்டில் காரின் 1:24 அளவு மாதிரியைக் கட்டத் தொடங்கி ஏழு மாதங்கள் ஆகின்றன. நான் கட்டும் மூன்றாவது வாகனம் இது. முதல் இரண்டையும் பெட்டிக்குள் இருந்த வழிமுறைத் தாளை மட்டும் நம்பித் தனியாகக் கட்டி முடித்தேன். இதையோ, மாதம் ஒருமுறை கூடி அவரவர் வேலையை மேசைமேல் வைத்துப் பேசும் சக ஆர்வலர்களின் நடுவில் கட்டி வருகிறேன்.

1:24 கணக்குப் போட எளிய அளவு. அசல் பீட்டிலின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2,400 மி.மீ.; மாதிரியில் அது சரியாக 100 மி.மீ. ஆக வேண்டும். அடித்தளத்தை ஒட்டி முடித்ததும் காலிப்பரால் அளந்தேன். 100 காட்டியது. அந்த மகிழ்ச்சியில், அளவு சரியாக வந்தால் மற்றவையும் சரியாகத்தான் வரும் என்று எண்ணிவிட்டேன்.

என் கிட்டில், அதாவது மாதிரிக்கான துண்டுகள் அடங்கிய பெட்டியில், நான்கு மட்கார்டுகளும் தனித் துண்டுகளாக வந்தன. இந்தத் துண்டுகள் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கால் ஆனவை. இதற்கென்று உள்ள நீர்த்த பசை, உண்மையில் ஒட்டுவதில்லை; இரு விளிம்புகளையும் சற்றே கரைத்து ஒன்றாக்கி விடுகிறது. துண்டுகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தூரிகையின் நுனியால் இடுக்கில் ஒரு துளி தொட்டால் போதும், பசை தானாகவே இடுக்கு முழுவதும் ஓடிவிடும். அப்படி ஒட்டிய பிறகும் மட்கார்டுக்கும் உடலுக்கும் நடுவே ஒரு கோடு தெரிந்தது. அதைக் கிட்டின் குறை என்று கருதி, பட்டி வைத்து நிரப்பி, 400, 800, 1200 எண் உப்புத்தாள்களால் வரிசையாகத் தேய்த்து, விரலால் தடவினாலும் தட்டுப்படாதபடி மறைத்தேன். மூன்று மாலைகள் ஆயின. பிறகு வெளிர்நீல வண்ணத்தை டப்பாவிலிருந்து நேராகத் தெளித்து, நன்றாக நனையும்படி இரண்டு பூச்சு கொடுத்தேன்.

அடுத்த கூடுகையில் அதை மேசைமேல் வைத்தபோது, அசல் கார்களின் தகர வேலையில் பல ஆண்டுகள் பழகிய மூத்த ஆர்வலர் ஒருவர் அதைக் கையில் எடுத்து, சுற்றிலும் திருப்பிப் பார்த்துவிட்டு, “இந்த மட்கார்டு அடிபட்டால் எப்படிக் கழற்றுவீர்கள்?” என்று கேட்டார். கேள்வி எனக்கு விளங்கவில்லை. பீட்டிலில் மட்கார்டு உடலோடு பற்றவைக்கப்படுவதில்லை என்றும், போல்ட்டுகளால் பூட்டப்படுகிறது என்றும், இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய பட்டை பிதுங்கி நிற்கும் என்றும், அதனால்தான் நசுங்கிய மட்கார்டை மட்டும் கழற்றி வேறொன்றைப் பூட்ட முடிகிறது என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். நான் மூன்று மாலைகள் செலவிட்டு அழித்தது, அந்தக் காரில் இருந்தே ஆக வேண்டிய கோடு.

படங்களைப் பார்க்கும்போதும் ஆண்டைப் பார்த்துப் பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னார். பீட்டிலின் பின்கண்ணாடி 1953 வரை நடுவே பிளவுபட்டும், அதன்பின் 1957 வரை முட்டை வடிவிலும் இருந்து, பிறகுதான் அகன்ற செவ்வகமாக மாறியது. என் கிட் 1966 ஆம் ஆண்டின் 1300 வகை. நான் சேர்த்து வைத்திருந்த படங்களில் பாதி, வேறு ஆண்டுகளின் கார்கள்.

அதே மேசையில் இருந்த இன்னொருவர், விளக்கைச் சாய்த்துப் பிடித்து, கதவின் கோடுகள் வண்ணத்தில் மூழ்கியிருப்பதைக் காட்டினார். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அசல் காரில் கதவைச் சுற்றிய இடைவெளி 4 மி.மீ. என்று கொண்டால், மாதிரியில் அது 0.17 மி.மீ.தான். நான் பூசிய வண்ணத்தின் தடிமன் 0.1 மி.மீ. இருந்தாலே, அதை அசல் அளவுக்குப் பெருக்கும்போது 2.4 மி.மீ. ஆகிறது. எந்தக் கார் இவ்வளவு தடித்த வண்ணத்தை அணிந்து நிற்கும்? வாகனத்தை 24 மடங்கு சுருக்கினாலும் வண்ணம் தானாகச் சுருங்குவதில்லை, அதை நாம்தான் மெலியவைக்க வேண்டும் என்பது அன்றிரவுதான் எனக்கு உறைத்தது.

உடல்பகுதியை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் ஓரிரவு ஊறவைத்தேன். காலையில் பழைய பல்துலக்கியால் தேய்க்க, வண்ணம் தோல் உரிவதைப்போல் உரிந்து வந்தது, பிளாஸ்டிக்குக்குச் சேதமில்லை. அடுத்து, அழித்த கோட்டை மீண்டும் வெட்ட வேண்டும். வளைவை ஒட்டித் தடித்த ஒட்டுப்பட்டையை வேலியாகப் பதித்து, கீறும் ஊசியை எடையே இல்லாததுபோல் பிடித்து, ஒரே திசையில் பல தடவை இழுத்தேன். அழுத்தி ஒரே தடவையில் வெட்ட நினைத்த இடத்தில், இடப்பக்கப் பின் மட்கார்டில், ஊசி வழுக்கி ஒரு கீறல் விழுந்தது. அதைச் சயனோஅக்ரிலேட் பசைத் துளியால் நிரப்பித் தேய்த்துச் சரிசெய்தேன்.

நடுவில் பிதுங்கும் பட்டைக்கு, துண்டுகளைத் தாங்கி வரும் ஸ்ப்ரூ சட்டகமே உதவியது. அதன் ஒரு துண்டை மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே, சுடர் தொடாமல் உருட்டிச் சூடாக்கி, அது தளர்ந்ததும் சுடரிலிருந்து விலக்கி இரு முனைகளையும் இழுத்தால், நூல்போல் நீளும். மெதுவாக இழுத்தால் தடித்த நூல், விரைவாக இழுத்தால் மெல்லிய நூல். 0.3 மி.மீ.க்கும் மெல்லிய, ஒரே சீரான நான்கு நூல்கள் கிடைக்கப் பதினொன்று இழுக்க வேண்டியிருந்தது. அவற்றைச் சாமணத்தால் எடுத்துக் கோட்டுக்குள் படுக்கவைத்து, பசையைத் தொட்டும் தொடாமலும் வைத்தேன். இந்த மாதிரியில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான்.

இரண்டாம் முறை வண்ணத்துக்கு, கூடுகைக்கு வரும் நண்பர் ஒருவர் காற்றழுத்தத்தால் வண்ணம் தெளிக்கும், 0.3 மி.மீ. நாஸில் கொண்ட தம் ஏர்பிரஷைக் கடனாகத் தந்தார். லாக்கர் வண்ணத்தைப் பால் பதத்துக்கு நீர்க்கச் செய்து, 15 முதல் 20 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில், முதலில் பிளாஸ்டிக் கரண்டிகளின் முதுகில் தெளித்துப் பழகச் சொன்னார். ஒவ்வொரு கரண்டியின் காம்பிலும் கலவை விகிதத்தையும் தூரத்தையும் எழுதிவைத்தேன். தூரம் கூடினால் வண்ணம் காற்றிலேயே பாதி காய்ந்து, மேற்பரப்பு சொரசொரப்பாகிறது, குறைந்தால் வழிகிறது. பதினான்காம் கரண்டிக்குப் பிறகுதான் காரைத் தொட்டேன். சாளரத்தைத் திறந்துவைத்து, ஆவியைத் தடுக்கும் முகமூடி அணிந்து, பிரைமர் என்னும் சாம்பல்நிற அடிப்பூச்சுக்கு மேல் ஆறு மெல்லிய பூச்சுகள். ஆறும் சேர்ந்தும் பழைய இரண்டு பூச்சுகளைவிட மெல்லியதாக இருந்தது. கதவின் கோடுகள் தெளிவாக நின்றன. மூன்று வாரம் காயவிட்டு, நீர் தொட்டு 3000 எண் தாளால் தேய்த்து மெருகேற்றினேன். விளிம்புகளில் வண்ணம் எப்போதும் மெலிந்தே படியும், அங்கே தேய்க்கக் கூடாது என்று எச்சரித்திருந்தார்கள். அப்படியும் முன்புற மூடியின் நடு மேட்டில் பிரைமர் எட்டிப் பார்த்தது. மெல்லிய தூரிகையால் ஒற்றிச் சரிசெய்தேன்.

உட்புறமும் இருக்கைகளும் இரண்டு மாலைகளில் முடிந்தன. பம்பர்களில், ஒட்டும் இடத்துக் குரோமியப் பூச்சைச் சுரண்டிய பிறகே பசை பிடித்தது.

ஓர் அறிவுரையை மட்டும் நான் ஏற்கவில்லை. கதவின் கோடுகள் எடுப்பாகத் தெரிய, அவற்றில் நீர்த்த கருப்பு வண்ணத்தை ஓடவிடும்படி இருவர் சொன்னார்கள். கரண்டியில் கோடு கீறிச் செய்து பார்த்தேன். வெளிர்நீலத்தின்மேல் அது பேனாவால் வரைந்ததுபோல் இருந்தது. நீலம் கலந்த அடர்சாம்பலை இட்டேன். இராணுவ வாகனங்களுக்குக் கருப்பு பொருந்தலாம், வெயிலில் நிற்கும் வெளிர்நிறக் காரின் இடுக்கு அவ்வளவு கருப்பாகத் தெரிவதில்லை. அடுத்த கூடுகையில் இரண்டு கரண்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவர்களில் ஒருவர் சாம்பல் கரண்டியைத் தம் வேலைக்காகக் கேட்டு வாங்கிச் சென்றார்.

இப்போது பின்புற எஞ்சினில் இருக்கிறேன். காற்றால் குளிரும் நான்கு சிலிண்டர் எஞ்சின். வலப்பக்கம் 1, 2, இடப்பக்கம் 3, 4. மின்சாரத்தைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து நான்கு பிளக்குகளுக்கும் ஒவ்வொரு கம்பி, அதற்கு மின்சாரம் தரும் காயிலிலிருந்து ஒன்று, ஆக ஐந்து. சிலிண்டர்களில் எரிபொருள் எரியும் வரிசை 1-4-3-2 என்பதால், டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் கம்பிகள் அந்த வரிசையில்தான் வட்டமாக அமர வேண்டும். அசலில் 7 மி.மீ. தடிமனுள்ள கம்பிக்கு இங்கே 0.3 மி.மீ. போதும். மட்கார்டைப் பற்றிக் கேட்ட அதே மூத்தவர், அந்த அளவில் கருப்பு உறையுள்ள கம்பி ஒரு முழம் வெட்டித் தந்திருக்கிறார். மூன்று கம்பிகளைப் பொருத்திவிட்டேன். நான்காவதற்கான துளையை நாளை இடுவேன்.